கல்லாகிய பல்லும் மறைந்த கடலும்

கடலோசை கேளாத ஊரொன்றிலே சுறாமீனின் பல் கிடைக்குமாயின், அதனை யாரோ கொண்டுவந்து போட்டனர் என்றே காண்போர் முதலிற் கருதுவர். தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள காரை என்னும் ஊர் இன்றைய கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உள்ளே அமைந்தது. அதனை அடுத்த களிநிலம் மழைநீரால் அரிக்கப்பட்டு, மேடும் பள்ளமுமாய்ப் பயிருக்குதவாத வெளியாய்க் கிடக்கின்றது. அக்களியினுள்ளே ஜிப்சத் தகடுகளோடும் கடலுயிர்களின் ஓடுகளோடும் சுறாப் பற்களும் புதைந்துள்ளன. அவற்றை எவரும் கொணர்ந்து இடவில்லை. கடலே அங்கு வந்திருந்தது. இவ்வாறு துணிந்துரைப்பதற்குச் சிறிய பல்லொன்று எங்ஙனம் சான்றாகின்றது என்பது ஆராயத்தக்கதாம்.

சுறாவின் உடற்கூடு எலும்பினால் ஆயதன்று, கசியிழையத்தினால் ஆயது. சுறா இறந்தபின் அவ்விழையம் விரைவில் அழுகி மறைந்துவிடும். பல்லோ கல்சியம் பொசுபேற்றினால் ஆயது. மிளிரி போன்ற வன்மையான மேற்படை உடையது. அன்றியும், மாந்தர்க்கு இருமுறையே பல் முளைக்கச் சுறாவிற்கு வாழ்நாள் முழுவதும் முளைக்கின்றது. முன்வரிசைப் பல் விழுந்ததும் பின்வரிசைப் பல் அதனிடத்திற்கு நகர்ந்து வரும். இங்ஙனம் ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்க்கின்றது. ஆதலின், பண்டைக் கடற்படிவுகளிற் சுறாவின் உடலைக் காண்டல் அரிதாயினும் அதன் பற்களைக் காண்டல் எளிதாயிற்று.

இக்கற்கள் பற்களே என்று தெளிவதற்கும் நெடுங்காலம் சென்றது. பழைய ஐரோப்பியர் இவற்றை 'நாக்குக்கற்கள்' என்றழைத்தனர். அவை வானிலிருந்து வீழ்ந்தவை என்னும் நம்பிக்கையை உரோமப் பேரறிஞர் பிளினி குறித்துள்ளார். 1666 ஆம் ஆண்டில் இத்தாலியின் லிவோர்னோவுக்கு அண்மையிற் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலையை அறுத்தாராயும் வாய்ப்பு நிக்கலஸ் ஸ்தெனோ என்னும் மருத்துவ அறிஞருக்குக் கிட்டியது. அதன் பற்களும் நாக்குக்கற்களும் ஒத்த வடிவின என்பதை அவர் 1667 இல் வெளியிட்டார். வன்பாறையினுள்ளே பல் எவ்வாறு புகுந்தது என்னும் வினா அதன்பின் எழுந்தது. பாறையும் ஒருகாலத்தில் நீரடியிற் படிந்த மென்சேறே என்று விடை கண்டார் அவர். புவிச்சரிதவியலின் அடிப்படைகளுள் ஒன்று இவ்விடையாகும்.

தென்னிந்தியப் படிவுகளின் ஆராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கிற்று. கே, கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய உயிர்ச்சுவடுகள் இலண்டனுக்குச் சென்றன. அவற்றுள் மீன்களின் எச்சங்களை 1845 இல் எகர்ட்டன் விவரித்தார். 1857 முதல் 1860 வரை பிளான்போட் இந்நிலத்தை அளந்து, அதன் படைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். காரைக் களிப்படைகள் இவற்றுள் உத்தத்தூர்த் தொகுதியைச் சார்ந்தவை. 14.5 கோடி ஆண்டுகளின் முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளின் முன் முடிவுற்ற கிரத்தேசியக் காலத்தின் நடுப்பகுதிக்கு அவை உரியன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்ததாகலின், காரைப் படைகள் அதனினும் பன்மடங்கு பழமையுடையன.

பல்லின் வடிவம் அதனை உடையதன் உணவைப் புலப்படுத்தும். ஊசிபோற் கூரிய பல் வழுக்கும் இரையைப் பற்றுதற்கும், வாள்போல் அரமுள்ள பல் தசையை அறுத்தற்கும், தட்டையாய் வரியுடைய பல் சிப்பிகளை நொறுக்குதற்கும் ஏற்றவை. உத்தத்தூர்ப் படைகளிற் கிடைத்த திக்கோடசின் பற்கள் இவற்றுள் இறுதி வகையின. 2011 இல் வெளியான ஆய்வொன்று காரையிலிருந்து புதிய சுறா இனங்களை விவரித்தது. அவற்றுள் ஒன்றின் இனப்பெயர் தென்னிந்தியாவைக் குறிக்கும் 'சுதிந்திக்கசு' என்பதாகும். அக்கடலில் இக்தியோசோர் என்னும் மீனுருக் கொண்ட ஊர்வனவும் வாழ்ந்தன. உத்தத்தூர்ப் படைகளிற் கிடைத்த அவற்றின் முள்ளென்புகளை லைடெக்கர் 1879 இல் விவரித்தார். ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளின் முன் அவ்வினம் உலகெங்கும் அற்றுப்போயிற்று. சுறாக்குலமோ இன்றும் உளது.

எனினும் பல்லின் சாட்சியத்தை முழுதும் நம்பிவிடலாகாது. ஒரே வாயில் முன்பல்லும் கடைப்பல்லும் வடிவால் வேறுபடும். தனிப்பற்களைக் கொண்டு பெயரிட்ட அறிஞர் பலர் ஒரே சுறாவிற்குப் பல பெயர் சூட்டினர். அமெரிக்காவின் கன்சாசுச் சுண்ணப்படையில் முள்ளந்தண்டோடும் ஏறக்குறைய 250 பற்களோடும் ஒரு பெருஞ்சுறா ஒருங்கே கிடைத்தது. அதனை 1894 இல் ஈசுற்மன் விவரித்தபோது, வெவ்வேறு இனங்களாகக் கொள்ளப்பட்ட பற்கள் சில அவ்வொரு வாய்க்கே உரியன எனத் தெளிவாயிற்று.

இனி, பல்லைக் காட்டிலும் அது கிடந்த இடம் பெரிது. எந்தப் படையில், எந்த அம்மொனைற்று ஓட்டின் அருகே கிடந்தது என்னும் குறிப்பே அதன் காலத்தைக் காட்டும். அழகிய பொருளென்று பொறுக்கிச் சட்டைப்பையில் இட்டுச் சென்ற பல், பல்லாகவே இருக்குமன்றிச் சான்றாக இராது. மழை ஆண்டுதோறும் காரையின் களியை அரித்துப் புதிய பற்களை வெளிப்படுத்துகின்றது. வெளிப்பட்டவற்றை அதே மழை அடித்தும் செல்கின்றது. கண்டெடுத்த இடத்தையும் படையையும் குறித்து வைக்கும் மாணவனே அக்கடலின் வரலாற்றுக்கு ஒரு வரி சேர்த்தவனாவான். குறியாது எடுத்தவன் ஒரு வரியை அழித்தவனாவான்.