முற்றத்துக்குக் கல் பதிக்கும் முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

வத்தளையில் நான் ஒரு ஹாட்வெயார் கடை நடத்தி வருகிறேன். புது வீடு கட்டுபவர்கள் வேலை முடியும் தறுவாயில் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “நானா, வாகனம் நிறுத்துற முத்தத்துக்கு என்ன போடுறது? கொங்கிரீட்டா, இன்டர்லொக் கல்லா, டைல்ஸா?” கையிலிருந்த பணம் அனேகமாக வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். எனவே எது மலிவு, எது அழகு என்று மட்டும் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். அதனால் ஒரே முற்றத்துக்கு இரண்டு தடவை செலவழித்தேன். அந்த அனுபவத்தை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

நான் விட்ட பிழை

எனது முற்றம் சுமார் 600 சதுர அடி. முன்பு சதுப்பாக இருந்து, மண் போட்டு நிரப்பிய காணி. கடையில் சீமெந்து இருக்கிறதே என்று 2014இல் முழுவதையும் கொங்கிரீட்டால் மூடினேன். இரண்டு வருடத்துக்குள் அடியிலிருந்த மண் இறங்கியது. கொங்கிரீட் வெடித்து, சரிவு பக்கத்து மதிலை நோக்கித் திரும்பியது.

2016 மே மாத மழையில் பக்கத்து வீட்டுச் சகோதரி வந்து நின்றார். கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவர். “நானா, உங்கட முத்தத்துத் தண்ணி எங்கட குசினிக்குள்ள வருது” என்றார். போய்ப் பார்த்தேன். அரிசி மா மூட்டைகள் நனைந்து கிடந்தன. மாவின் விலையைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பல நாட்கள் வெட்கமாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீற்றர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த முற்றத்தில் மட்டும் 5,600 லீற்றர் தண்ணீர் விழும். மண் தரை அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். கொங்கிரீட் அனைத்தையும் வெளியே தள்ளும்.

எதற்கு எது பொருந்தும்?

கொங்கிரீட்: இறுகிய நிலத்தில் நல்லது. கார் ஏறும் இடத்தில் குறைந்தது 4 அங்குலத் தடிப்பு வேண்டும். இடையிடையே மூட்டு விட வேண்டும். 7 நாட்களாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். நிரப்பிய காணியில் வெடித்தால் உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டைல்ஸ்: பளபளப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். வயதான உம்மா, வாப்பா இருக்கும் வீட்டு முற்றத்துக்கு நான் அதை விற்பதில்லை.

சல்லிக்கல்: செலவு குறைவு. தண்ணீரும் கீழே இறங்கும். ஆனால் சில்லுப் பட்டுச் சிதறும், புல் முளைக்கும், முதியோர் நடப்பது சிரமம்.

இன்டர்லொக் கல்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் செங்கல் தட்டுப்பாடு வந்தபோது நெதர்லாந்தில் வீதிகளுக்குக் கொங்கிரீட் கல் பதிக்கத் தொடங்கினார்கள். வத்தளையைப் போலவே அதுவும் தாழ்ந்த, இளகிய நிலம். தரை இறங்கினால் கல்லைக் கழற்றி, மட்டம் செய்து, அதே கல்லை மீண்டும் பதிக்கலாம். எமக்கு அதன் பெரிய இலாபம் இதுதான். ஆனால் சாதாரண இன்டர்லொக் கல் வழியாகத் தண்ணீர் தாராளமாக இறங்கும் என்று நம்ப வேண்டாம். இடுக்குகளால் சிறிதளவே இறங்கும்.

நான் பின்னர் செய்தது

கொங்கிரீட்டை உடைத்து ஏற்றவே ஒரு செலவு போனது. பிறகு சில்லு ஓடும் பகுதிக்கு மட்டும் கல் பதித்தேன். மதிலோரம் மூன்று அடி அகலத்துக்கு மண்ணை விட்டுப் புல்லும் செடியும் வைத்தேன். சரிவை மதிலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, அங்கே கான் வெட்டினேன்.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது களனி கங்கை பெருகியதில் எங்கள் பகுதிக்கும் வெள்ளம் வந்தது. அதை எந்தக் கல்லும் தடுக்காது. வெள்ளம் வடிந்த பின் கேற்றடியில் சில வரிசைகள் தாழ்ந்திருந்தன. மேசன் பாஸ் ஒரே நாளில் கழற்றிப் பதித்தார். நான் வாங்கியது மணல் மாத்திரமே.

விலை கேட்கும்போது

சதுர அடி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் அடித்தளத்தில்தான் குறைத்திருப்பார். பின்வருவனவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

1. கல்லின் தடிப்பு. காருக்கு 60 மில்லிமீற்றர், லொறி அல்லது பவுசர் வருமானால் 80. எஸ்.எல்.எஸ். 1425 தரமுள்ளதா என்றும் கேளுங்கள்.

2. அடியில் போடும் சல்லியின் ஆழம். நிரப்பிய காணியில் 6 அங்குலத்துக்குக் குறைய விடாதீர்கள். இயந்திரத்தால் படை படையாக இறுக்க வேண்டும். அதன் மேல் மணல் ஓர் அங்குலம் போதும்.

3. ஓரத்தில் கொங்கிரீட் அணை. அது இல்லாவிட்டால் கற்கள் விலகும்.

4. சரிவு. நான்கு அடிக்கு ஓர் அங்குலம். எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

கடைசித் தவணைப் பணத்தை ஒரு நல்ல மழை பெய்த பின் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு, உங்கள் முற்றத்தை மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மதிலோரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பணத்தைக் கொடுங்கள்.