துரு ஏறிய பிரிட்ஜும் நம் பொறுப்பும்

வணிகப் பெருமக்களே! பிரிட்ஜ் வாங்கி இருபது நாளில் கதவோரம் துரு ஏறியது என்று வருபவரிடம், "நன்றாகக் குளிர்கிறதே, பிறகென்ன?" என்கிறோம். இது தவறு.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தரத்தில் காணும் எந்தக் குறைவும் குறைபாடே. அத்தகைய சரக்கைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லையேல் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. புகார் செய்ய அவருக்கு 2 ஆண்டு அவகாசமும் உண்டு.

வாங்கியவர் வீட்டில் இடித்த நசுங்கலுக்கு நாம் பொறுப்பல்ல. ஆனால் அதற்குச் சான்று வேண்டுமே! எனவே நாங்கள் சரக்கை இறக்கும்போதே பெட்டியைப் பிரித்துக் காட்டி, "கீறல், நசுங்கல் இல்லை" என்று பில் நகலில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். துரு என்று புகார் வந்தால் அன்றே கம்பெனிக்கு எழுதுகிறோம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கடையைப் பூட்டிவிட்டு ஆணையத்துக்கு அலைவதைவிடக் கதவை மாற்றித் தருவது செலவு குறைவு.