நாலில் ஒன்று சொதப்பினால் போதும்

ரீசார்ஜபிள் பென்சில் பேட்டரி வாங்கப் போனால் நம் கண் முதலில் போவது, செல் எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்று சொல்லும் எம்.ஏ.எச். எண்ணுக்குத்தான். 2000-ஐ விட 2800 நல்லது என்று தோன்றும். ஆன்லைனில் 3500, 4000 என்றுகூட விற்கிறார்கள். இந்தக் கடைசி ரகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில், அந்த அளவுள்ள செல்லுக்குள் 2800 அளவுக்கு மேல் அடைக்க இடமே கிடையாது. சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். ஒழுங்கான 2000 செல் 26, 27 கிராம் இருக்கும். 2500 என்றால் 30 கிராமை ஒட்டி வரும். 4000 என்று அச்சடித்த செல் 20 கிராம்கூடத் தேறவில்லை என்றால், அந்த எண்ணை அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடலாம்.

உண்மையான எண்ணை அச்சடிப்பவர்களிடமும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது பாக்கெட்டில் இருக்கும் நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பது. என் கணக்கில், எம்.ஏ.எச். எண்ணை விட இதுதான் முக்கியம்.

காரணம் எளிது. பொம்மைக் காரோ கேமரா ஃபிளாஷோ, நான்கு செல்களைத் தொடராகக் கோத்துத்தான் ஓடுகிறது. நான்கின் வழியாகவும் ஒரே மின்னோட்டம். மூன்று செல்கள் ஆளுக்கு 1950 தருகின்றன, ஒன்று மட்டும் 1400 என்று வைத்துக்கொள்வோம். 1400 தீர்ந்ததும் அந்த ஒன்று காலி. ஆனால் பொம்மை நிற்காது. மற்ற மூன்றும் தங்கள் மின்னோட்டத்தைக் காலியான செல்லின் வழியாகவே தள்ளும். அதன் வோல்ட்டேஜ் பூஜ்ஜியத்துக்கு இறங்கி, அதற்கும் கீழே போய்த் தலைகீழாகிவிடும். உள்ளே ஹைட்ரஜன் உண்டாகும். அழுத்தம் மிஞ்சினால் தலைப்பக்கத்து வால்வு திறந்து வாயுவும் காரத் திரவமும் கசியும். அடுத்த தடவை அந்தச் செல் 1400-கூடத் தராது. இப்படி ஒரு நோஞ்சான், ஒவ்வொரு முறையும் இன்னும் நோஞ்சானாகி, மொத்த செட்டையும் கெடுக்கும். நான்கும் 1800 தரும் ஒரு செட், இதை விட எவ்வளவோ மேல்.

வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒன்று போலத்தான் தெரியும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வடித்து, எவ்வளவு தந்தது என்று திரையில் காட்டும் சார்ஜர்கள் இருக்கின்றன. ரீசார்ஜபிள் பேட்டரியை நிறையப் பயன்படுத்தும் வீட்டுக்கு அப்படி ஒன்று தண்டம் இல்லை. நான்கு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சரி. ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கில் குறைந்தால் அதை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட வேண்டும்.

சில பாக்கெட்டுகளில் இரண்டு எண் இருக்கும்: வழக்கமான அளவு, குறைந்தபட்ச அளவு. பானசோனிக் ‘எனலூப்’ சாதா ரகத்தில் 2000, 1900 என்று இருப்பதைப் பார்க்கலாம். எந்தச் செல்லும் இதற்குக் கீழே போகாது என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தை நம்புவதே நியாயம்.

இந்த எனலூப்புக்கு ஒரு கதை உண்டு. 2005 நவம்பரில் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்தது. அதற்கு முன் இவ்வகைச் செல்கள் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சார்ஜை இழக்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. சான்யோ உலோகக் கலவையையும் தடுப்புத் தாளையும் மாற்றியதால், ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதி சார்ஜ் தங்கியது. பிறகு சான்யோவை பானசோனிக் வாங்கியபோது, போட்டி குறைந்துவிடும் என்று அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் 2009-இல் குறுக்கிட்டது. விளைவு, இந்தச் செல்களைச் செய்துவந்த சான்யோவின் டகாசாகி ஆலை புஜிட்சு குழுமத்தின் எஃப்.டி.கே. கைக்குப் போனது. எனலூப் என்ற பெயர் ஒருவரிடம், ஆலை இன்னொருவரிடம்! ஆகவே பிராண்டை மட்டும் பார்க்காமல், எந்த நாட்டில் செய்தது என்ற சின்ன எழுத்தையும் படிப்பது நல்லது.

நல்ல செட்டையும் மட்டமான சார்ஜர் பாழாக்கும். நான்கு குழிக்கு இரண்டே விளக்கு இருந்தால், அது ஜோடியாகச் சார்ஜ் செய்கிறது என்று பொருள். ஜோடியில் ஒன்று நிறைந்த பிறகும் மற்றது நிறையும் வரை மின்சாரம் ஓடும். முதலாவது சூடேறி வதங்கும். குழிக்கு ஒரு விளக்கு உள்ள நல்ல சார்ஜர், செல் நிறையும்போது வோல்ட்டேஜில் தெரியும் மில்லிவோல்ட் கணக்கிலான சரிவைக் கவனித்துத் தானாக நிறுத்திக்கொள்ளும்.

சுவர்க் கடிகாரத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, சாதா பேட்டரியே போதும். ஃபிளாஷ், பொம்மை, வீடியோ கேம் ரிமோட் போன்றவற்றில்தான் போட்ட காசு திரும்பும். வாங்கிய நாளிலேயே நான்கின் மீதும் மார்க்கர் பேனாவால் ஒரே எழுத்தைப் போட்டுவிடுங்கள். புதியதும் பழையதும் கலக்காது. பிரித்து வைத்த நோஞ்சானை ஒற்றைச் செல்லில் ஓடும் வயர்லெஸ் மவுஸில் போடலாம். அங்கே அதைத் தலைகீழாகத் தள்ள வேறு செல் இல்லை.