பச்சைக் களிம்பும் ஐந்து வோல்ட்டும்

நம் இயற்பியல் ஆய்வகத்தில் பத்து மீட்டர் கம்பி பூட்டிய நீண்ட மரப்பலகை ஒன்று உண்டு. மின்னழுத்தமானி என்பது அதன் பெயர். அதன்மேல் ஜாக்கியை நகர்த்தி டேனியல் மின்கலத்தையும் லெக்லாஞ்சி மின்கலத்தையும் ஒப்பிடுகிறோம்; பதிவேட்டில் கையொப்பம் வாங்குகிறோம்; அத்துடன் அதை மறந்தும் விடுகிறோம். நானும் அப்படி மறந்தவன்தான். எங்கள் வண்டி கொல்லிமலைப் பாதையில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் அந்தப் பலகை மீண்டும் என் நினைவுக்கு வந்தது.

என் தந்தையார் சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு மளிகைச் சாமான் ஏற்றிச் செல்பவர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியோ தவணைக் கடனில் வாங்கிய டீசல் வண்டி. பாதி மலை ஏறியதும் எஞ்சின் விளக்கு எரியும். இழுவை அடியோடு போய்விடும். நிறுத்தி ஆறவிட்டுக் கிளப்பினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். மறுநாள் மீண்டும் அதே கதை. வாடகைக்கு அழைத்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டி தேடத் தொடங்கினர்.

பட்டறையில் கணினிக் கருவியைப் பொருத்தியதும் ‘பி 2565’ என்ற குறியீடு வந்தது. டர்போவைக் கட்டுப்படுத்தும் பாகத்தின் நிலையைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் அழுத்தம் மிகுதி என்பது அதன் பொருள். பட்டறைக்காரர் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தார். 5 வோல்ட் சுத்தமாக வந்தது. “ஒயரெல்லாம் நல்லா இருக்கு தம்பி. சென்சார்தான் போயிடுச்சு. அது தனியா வராது, ஆக்சுவேட்டரோட சேர்த்து மாத்தணும்” என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் மூன்று மாதத் தவணையைவிட அதிகம்.

டர்போ என்பது, எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். சிறு எஞ்சின்களில் இச்சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். தேவைக்கு மேல் சுழன்றால் ஆபத்து. எனவே ஊருக்கு வெளியே பைபாஸ் சாலை போட்டதுபோல், மிகுதியான புகை சக்கரத்தைத் தொடாமல் விலகிச் செல்ல ஒரு வழியும், அவ்வழிக்கு ஒரு கதவும் வைத்துள்ளனர். அக்கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்வதே நாம் பேசும் சென்சார். அதன் பேச்சில் ஐயம் வந்தால் கணினி டர்போவை நம்பாமல் எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடுகிறது. மலையில் இழுவை போனதன் காரணம் இதுவே.

சில வண்டிகளில் இந்தச் சென்சார் காந்தப் புலத்தை உணரும் வகையாக இருக்கும். எங்கள் வண்டியில் இருந்தது நம் ஆய்வகப் பலகையின் பேரப்பிள்ளை எனலாம். மூன்று ஒயர்கள். ஒன்றில் கணினி தரும் 5 வோல்ட், ஒன்று எர்த்து, நடுவில் நகரும் தொடுமுனையிலிருந்து செல்வது செய்தி ஒயர். நல்ல நிலையில் செய்தி ஏறத்தாழ 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையில் நிற்கும். அதற்குக் கீழே போனால் 2564, மேலே போனால் 2565. இக்குறியீடுகள் ‘சுற்று’ என்றுதான் சொல்கின்றன. ‘சென்சார்’ கெட்டது என்று சொல்லவில்லை. சுற்றில் ஒயரும் உண்டு, கப்ளரும் உண்டு, எர்த்தும் உண்டு.

அப்படியானால் மீட்டர் காட்டிய 5 வோல்ட் பொய்யா? பொய்யில்லை, அரை உண்மை. கப்ளரைக் கழற்றியபின் சுற்றில் இருப்பது மீட்டர் மட்டுமே. அதன் உள்தடை ஏறத்தாழ 10 மெகா ஓம். மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். எர்த்து ஒயரில் 4 கிலோ ஓம் கோளாறு ஒளிந்திருந்தாலும் அதில் விழும் அழுத்தம் 2 மில்லிவோல்ட்தான். மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. அதே இடத்தில் 4 கிலோ ஓம் சென்சாரை மாட்டிப் பாருங்கள். 5 வோல்ட்டில் பாதி அந்தக் கோளாறிலேயே விழுந்து, செய்தி முழுவதும் மேலே தூக்கப்படும். தொடுமுனை பத்தில் ஒன்பது பங்கு தூரத்தில் இருக்கையில் 4.5 வரவேண்டிய இடத்தில் 4.75 வரும். எல்லை தாண்டியாயிற்று!

இக்கணக்கை வினாத்தாளின் பின்புறத்தில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியின் கீழே படுத்தேன். “ஏண்டா கண்ணு, பட்டறைக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?” என்று அப்பா கேட்டாலும் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டார். கப்ளரைக் கழற்றாமல், ஒயர் நுழையும் பின்புறமாக மெல்லிய குண்டூசியைச் செருகி, எர்த்து ஒயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தேன். எஞ்சின் ஓடுகையில் 0.02 வோல்ட். 0.1க்குள் இருந்தால் நல்லது. என் முகம் விழுந்துவிட்டது. எஞ்சின் நன்கு சூடாகட்டும் என்று காத்திருந்து, ஒயர்க் கட்டைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே வந்தேன். டர்போவின் வெப்பத் தகட்டருகே உள்ள கிளிப்பைத் தொட்டதும் மீட்டர் 2.4க்குத் தாவியது. கையை எடுத்தால் இறங்கியது. அப்பா மூன்று முறை அசைக்கச் சொல்லி மூன்று முறையும் பார்த்தார்.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, உறையைக் கீறினோம். வெப்பத்தில் வெந்து வெடித்த உறை வழியே நீர் புகுந்து, செம்பு இழைகள் அறுந்திருந்தன. இரு முனைகளையும் ஒன்றாக வைத்திருந்தது பச்சைக் களிம்புதான்.

இவ்வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று: செய்தி ஒயரில் தவறியும் 12 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், கணினியே போய்விடும். 5 வோல்ட் ஒயர் பல வண்டிகளில் மற்றச் சென்சார்களுக்கும் பொதுவானது. ஒரே சமயத்தில் நான்கு குறியீடுகள் வந்தால் முதலில் அதைச் சந்தேகிக்கலாம்.

கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயரை முறுக்கி டேப் சுற்றினேன். பத்தே நாளில் வெப்பத்தில் டேப் பசை உருகி, 40ஆவது வளைவில் மீண்டும் விளக்கு எரிந்தது. பட்டறைக்காரரே அழைத்து, ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் குழாய் மாட்டி, ஒயரைத் தகட்டிலிருந்து விலக்கிக் கட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அந்தக் குண்டூசியை மட்டும் கேட்டு வாங்கித் தம் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.