உபகாரச் சம்பளமும் கடன் பத்திரமும்

வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எவ்வளவு பாரம் என்பதைப் பெற்றோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1962-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம், சர்வகலாசாலை மாணாக்கருக்கு இதற்கென உபகாரச் சம்பளம் அளிப்பதை ஸ்தல ஸ்தாபனங்களின் கடமையாக்கிற்று. ஏழைக்கு அதிகம், திருப்பித் தர வேண்டியதுமில்லை. 1990-ல் கடன் நுழைந்தது. 1999-ல் நின்றுபோன உபகாரச் சம்பளம் 2004-ல் மீண்டும் தலைகாட்டி, 2016-ல் புது மாணாக்கருக்கு மறுபடி ஒழிந்தது.

கடன் மட்டும் மிஞ்சவே கணக்குத் தலைகீழாயிற்று. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கே அதிகக் கடன் கிடைத்தது. ஆகவே பட்டம் பெற்ற அன்று பெரிய கடனாளியும் அவனே. செல்வந்தர் தம் மகனுக்கு அனுப்பும் பணத்துக்கு வட்டி உண்டா, என்ன? சம்பாத்தியம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதானே வசூல் என்று சிலர் சமாதானம் கூறுவர். கடனுக்கு அஞ்சி உள்ளூர்க் கலாசாலையோடு நின்றுவிடும் பெண்ணுக்கு அந்தச் சமாதானம் எதற்கு உதவும் என்பது நமக்கு விளங்கவில்லை.