கைஸ் என்றால் யார்?



"ஹாய் கைஸ்!" யூடியூபில் சமையல் சொல்லித் தரும் அக்காவும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, கேம் விளையாடிக் காட்டும் அண்ணனும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க. அதைக் கேட்டு நம்ம பள்ளியிலும் பாதிப் பேர் கைஸ், கைஸ் என்று சொல்லித் திரிகிறார்கள். இது ஐந்து விரல் உள்ள கை இல்லை. இது ஒரு மனிதரோட பேர். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தையே வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்து மாட்டிக்கொண்ட கை ஃபாக்ஸ் என்பவரின் பேர்.

அவர் 1570-ல் யார்க் என்ற ஊரில் பிறந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் புராட்டஸ்டன்ட் மதம்தான் அரசாங்க மதம். கத்தோலிக்கர்கள் அரசாங்கத் திருச்சபைக்கு வழிபாட்டுக்கு வரவில்லை என்றால் அபராதம் கட்டணும். முதலாம் ஜேம்ஸ் ராஜா வந்த பிறகும் நிலைமை மாறவில்லை என்று கோபப்பட்டு, ராபர்ட் கேட்ஸ்பி என்பவர் தலைமையில் 13 பேர் சேர்ந்து சதி செய்தார்கள். கை ஃபாக்ஸ் ஸ்பெயின் படையில் சண்டை போட்டவர், வெடிமருந்து பற்றித் தெரிந்தவர். அதனால் திரி கொளுத்தும் வேலை அவருக்கு. தலைவர் கேட்ஸ்பிதான், ஆனால் பேர் நின்றது இவருக்கு. மாட்டினவன் பேர்தானே ஊருக்குத் தெரியும்!

1605 நவம்பர் 5 அன்று ராஜா பாராளுமன்றத்துக்கு வருவதாக இருந்தது. பிரபுக்கள் சபைக்கு நேர் கீழே உள்ள அறையில் 36 பீப்பாய் வெடிமருந்தை விறகுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். ஆனால் பத்து நாளுக்கு முன்பே ஒரு பிரபுவுக்கு, "அன்றைக்கு சபைக்குப் போகாதீர்கள்" என்ற கருத்தில் பேர் போடாத கடிதம் ஒன்று வந்துவிட்டது. 4-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் தேடிப் போனவர்கள் அவரைப் பிடித்துவிட்டார்கள். பேர் கேட்டதற்கு "ஜான் ஜான்சன்" என்று சொன்னாராம். சித்திரவதை செய்துதான் உண்மைப் பேரை வாங்கினார்கள். அதற்கு அப்புறம் அவர் போட்ட கையெழுத்து இன்னும் இருக்கிறது. கோடு நடுங்கி, பாதியிலேயே நின்றுபோன மாதிரி இருக்கும். 1606 ஜனவரி 31-ல் அவரைத் தூக்கு மேடைக்குக் கொண்டுபோனார்கள். அவர் கையில் இருந்த லாந்தர் விளக்கை இப்போதும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ராஜா தப்பித்த நாளை வருஷா வருஷம் கொண்டாட வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். 1859 வரை அந்தச் சட்டம் இருந்தது. சட்டம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. நவம்பர் 5 ராத்திரி தீ மூட்டி, வைக்கோல் அடைத்த பொம்மைக்குப் பழைய சட்டை, தொப்பி எல்லாம் மாட்டி அதில் போட்டு எரிப்பார்கள். நம்ம ஊரில் கொடும்பாவி எரிக்கிற மாதிரி. முன்பெல்லாம் சின்னப் பிள்ளைகள் அந்தப் பொம்மையைத் தெருவில் வைத்துக்கொண்டு, "கைக்கு ஒரு பென்னி குடுங்க" என்று காசு வாங்கிப் பட்டாசு வாங்குவார்கள். அவர் படித்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் மட்டும் அந்தப் பொம்மையை எரிப்பதில்லை. எங்க பழைய மாணவர் என்று விட்டுவிட்டார்கள் போல!

இங்கேதான் சொல் நகர ஆரம்பிக்குது. முதலில் கை என்றால் அந்தப் பொம்மை. பிறகு அந்தப் பொம்மை மாதிரி கந்தலும் கோமாளித்தனமுமாக உடுத்தின ஆளைக் கேலியாக "கை" என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கேலி போய், சும்மா "ஆள்" என்ற அர்த்தம் வந்துவிட்டது. அமெரிக்கா விடுதலை வாங்கின பிறகு அங்கே நவம்பர் 5 கொண்டாட்டம் மெல்ல மறைந்துவிட்டது. பொம்மையையே பார்க்காதவங்களுக்கு அந்தச் சொல்லில் கேலி எப்படித் தெரியும்? இது என்னோட எண்ணம்தான்.

அப்போதும் அது ஆம்பளையை மட்டும்தான் குறித்தது. 1950-ல் வந்த ஒரு அமெரிக்க நாடகத்தின் பேரே "கைஸ் அண்ட் டால்ஸ்". கைஸ் ஆண்கள், டால்ஸ் பெண்கள். அப்புறம் எப்படிப் பெண்களும் கைஸ் ஆனோம்? அதற்குக் காரணம் இங்கிலீஷில் உள்ள ஒரு ஓட்டை. நமக்கு நீ, நீங்க என்று இரண்டு இருக்கு. இங்கிலீஷில் ஒருத்தரும் "யூ", ஒன்பது பேரும் "யூ". முன்பு ஒருத்தருக்கு "தௌ" என்று தனிச் சொல் இருந்தது, அதைத் தொலைத்துவிட்டார்கள். அதனால் கூட்டத்தைக் கூப்பிட ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒரு ஒட்டுப் போட்டார்கள். அமெரிக்காவின் தெற்கே "யால்" என்பார்கள். மற்ற இடங்களில் "யூ கைஸ்". கூட்டத்தில் பெண்கள் இருந்தாலும் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. 1971-ல் ஆரம்பித்த ஒரு குழந்தைகள் டி.வி. நிகழ்ச்சியில் "ஹே யூ கைஸ்!" என்று கத்தினதே ரீட்டா மொரேனோ என்ற நடிகைதான்.

ஆனால் ஒருமையில் போட்டுப் பாருங்க. "வாசலில் ஒரு கை நிக்குது" என்றால் இங்கிலீஷ்காரர் மனசில் ஆம்பளைதான் வருவார். அதனால் அங்கே சில ஆசிரியர்களும் அலுவலகங்களும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு "எல்லாரும்" என்ற பொதுச் சொல்லைச் சொல்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம "பசங்க" ஞாபகம் வந்தது. பையன் என்றால் பையன்தான். பசங்க என்றால்? "பசங்களா, பெஞ்சைத் தூக்கி வைங்க" என்றால் நாங்களும் போய்த் தூக்குறோம். "பசங்களா, கிரவுண்டுக்கு வாங்க" என்றால் போன எங்களை, "உங்களை யார் கூப்பிட்டது?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெஞ்சுக்கு மட்டும் பசங்களா நாங்க?

கைஸ் என்று ஒரு பெண் தன் தோழிகளைக் கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நாங்களே எங்களுக்குள் "வாடா, போடா" என்கிறோம். கூப்பிடுகிறவர் மனசில் நாங்களும் இருக்கோமா என்பதுதான் கேள்வி.

கீழே ஒரு கட்டம் போட்டு விட்டிருக்கேன். பையன்களும் பெண்களும் சேர்ந்து நிற்கும் கூட்டத்தை ஒரே சொல்லில் நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க என்று பென்சிலால் எழுதுங்க. "ஏய்" மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கு.

ஒன்பதாம் வகுப்பு மாணவி