திறந்திருந்த கேட்

மீட்டர்கேஜ் காலத்தில் கிராமத்துப் பேருந்தில் போனவர்களுக்கு இது மறந்திருக்காது. ஆளில்லா கேட் வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்துவார். கண்டக்டர் இறங்கித் தண்டவாளத்துப் பக்கம் போய், இரண்டு திசையிலும் எட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதுவார். பிறகுதான் பஸ் நகரும். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவு இன்றும் அதையே சொல்கிறது: காவல் இல்லாத கேட்டில் கண்டக்டரோ கிளீனரோ முன்னால் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், அப்படி ஒருவர் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும்.

இறங்காத வண்டிகளும் இருந்தன. 2014 ஜூலை 24 அன்று தெலங்கானாவின் மாசாய்ப்பேட்டையில் பள்ளிப் பேருந்தின் மீது பயணிகள் ரயில் மோதியது. இறந்தவர்கள் பதினைந்துக்கும் மேல், பெரும்பாலும் குழந்தைகள். 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில் பள்ளி வேனில் வந்த 13 குழந்தைகள் பலியானார்கள். டிரைவர் காதில் இயர்போன் இருந்தது என்றார்கள். இரண்டுமே ஆளில்லா கேட்டுகள்.

குஷிநகருக்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. அகலப்பாதையில் மிச்சமிருந்த ஏறக்குறைய 3,500 ஆளில்லா கேட்டுகளும் 2019 ஜனவரி முடிவதற்குள் ஒழிந்தன. சிலவற்றை மூடினார்கள், சிலவற்றுக்கு ஆள் போட்டார்கள், சில இடங்களில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். மழைக்காலத்தில் அந்தச் சுரங்கப்பாதைகளில் தேங்கும் தண்ணீர் தனிக் கதை. இருந்தாலும் ரயில்வேயைத் திட்டியே பழகிய நாமும் இதைப் பெரிய காரியம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி பயமில்லை என்றிருந்தபோதுதான் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8, பள்ளிக்குப் போகும் காலை நேரம். கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே, விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போன பயணிகள் ரயில் பள்ளி வேனை அடித்துத் தூக்கியெறிந்தது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களில் இருவர் ஒரே வீட்டு அக்காவும் தம்பியும். காப்பாற்ற ஓடிவந்த ஊர்க்காரர் ஒருவர் மின்கம்பி தாக்கிக் காயப்பட்டார்.

இங்கே கேட் இருந்தது. கேட் கீப்பரும் இருந்தார். வேன் வந்தபோது கேட் மூடப்படவில்லை. பிறகு அவர் கைதானார்.

அந்தக் கேட் இன்டர்லாக் ஆகாதது. அப்படிப்பட்ட இடத்தில் எல்லாமே வாய்வார்த்தை. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு ரயில் வருகிறது என்பார். கேட் கீப்பர் மூடிவிட்டு, அதற்குச் சாட்சியாக ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு சிக்னல் கொடுப்பார்கள். கேட் உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்பது சிக்னலுக்குத் தெரியாது. இன்டர்லாக் செய்த கேட்டில் இந்த வாய்வார்த்தைக்கு வேலையில்லை; கேட் மூடிப் பூட்டினாலொழிய சிக்னல் பச்சைக்கு மாறாது.

ஆளில்லா கேட்டைவிட, திறந்து கிடக்கும் ஆளுள்ள கேட் ஆபத்தானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒன்றுமில்லாத இடத்தில் காதாவது விழித்திருக்கும். தூக்கி நிற்கும் கம்பமோ ‘வா, போகலாம்’ என்று அழைக்கிறது.

இரண்டே நாளில் ரயில்வே அமைச்சர் உத்தரவுகள் போட்டார். கேட்டுகளில் கேமரா, கேட் கீப்பர் பேசும் குரல்பதிவைத் தினமும் சோதிப்பது, இன்டர்லாக்கிங்குக்கான வரம்பைக் குறைப்பது. கடக்கும் ரயில்களையும் வண்டிகளையும் பெருக்கி வரும் கணக்கு 10,000 இருந்தால்தான் இன்டர்லாக்கிங் என்றிருந்தது. அது 2,500 ஆனது.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் யூட்டாவில் 1938 டிசம்பரில், பனி கொட்டிய ஒரு காலையில் பள்ளிப் பேருந்து மீது சரக்கு ரயில் மோதி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். இன்று அந்த நாட்டின் பல மாநிலங்களில் பள்ளிப் பேருந்து ஒவ்வொரு கேட்டிலும் நின்று, கதவைத் திறந்து, ரயில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகே கடக்க வேண்டும். கேட் திறந்திருந்தாலும் அப்படித்தான்.

செம்மங்குப்பத்து வேனுக்கு 131ஆவது பிரிவு பொருந்தாது. கேட்டில் ஆள் இருந்தாரே.